பஸ் வேக எண்ணை நம்பாதீர்கள், பெருக்கிப் பாருங்கள்

லினக்ஸ் கெர்னல் பேட்சில் (நிரல் மாற்றத்தில்) சேமிப்பகக் கன்ட்ரோலருக்கான பஸ் (சிப்புக்குள் தரவு ஓடும் பாதை) தரவு வேக எண் வந்தால், அதை அப்படியே ஏற்காமல் கடிகார வேகத்தையும் தட அகலத்தையும் பெருக்கி ஒப்பிடுங்கள். எச்எஸ்400 என்ற அதிவேக முறையில் ஓடும் இஎம்எம்சி (போர்டிலேயே பொருத்திய ஃபிளாஷ் சேமிப்பகம்) என்றால் 200 மெகாஹெர்ட்ஸ், 8 பிட், ஒரு துடிப்புக்கு இரு முறை. ஆக, நொடிக்கு 400 மெகாபைட். வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பு கேட்பது கிலோபைட்டில், அதாவது 4,00,000. பேட்சில் 400 என்றோ 40 கோடி என்றோ இருந்தால், எழுதியவர் அலகில் தடுக்கி விழுந்திருக்கிறார். எண் பழைய சிப்பின் கோப்பிலிருந்து அப்படியே நகலாகி வந்திருப்பதும் உண்டு.

பஸ் வேகத்தைத் தீர்மானிக்கும் கெர்னலின் இன்டர்கனெக்ட் கட்டமைப்பின் பொதுவான கணக்கில், டிரைவர்கள் கேட்கும் சராசரிக் கோரிக்கைகள் கூட்டப்படுகின்றன. உச்சக் கோரிக்கைகளில் பெரியது மட்டுமே எடுபடும். எனவே ஒரே ஒரு டிரைவரின் மிகையான உச்ச எண், பஸ் முழுவதையும் வேகமாக ஓடவைத்து பேட்டரியைத் தின்னும். குறைந்த எண்ணோ சத்தமில்லாமல் வேகத்தைக் குறைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

சிபியுவிலிருந்து கன்ட்ரோலரின் பதிவேடுகளுக்கு (அதை இயக்கும் கட்டளைகள் எழுதப்படும் இடங்கள்) போகும் பாதைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே எண் தரவின் அளவைக் காட்டுவதில்லை, தாமதத்தைக் குறைக்கும் ஒரு படிநிலையைத்தான் தேர்கிறது. உச்ச எண் வேண்டுமென்றே கூட்டப்பட்டிருக்கவும் கூடும். அப்போது காரணத்தைப் பேட்ச் விளக்கத்தில் எழுதச் சொன்னால் போதும். இஎம்எம்சிக்குப் பதில் யுஎஃப்எஸ் (இன்னொரு வகை ஃபிளாஷ் சேமிப்பகம்), அதன் வேகப் படிகளான கியர் 3, 4 என்றால் 8 பிட் 10 பிட்டாக மாறிப் பயணிப்பதால், தட வேகத்தை 8 ஆல் அல்ல, 10 ஆல் வகுக்க வேண்டும்.