பட்டுப்போன முல்லைக்கொடியைத் தழைக்க வைக்கும் முறை

செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டுச் சுவரோரம் நிற்கும் முல்லை, இலைகளை உதிர்த்து வெறுங்குச்சியாகிவிட்டால் பலரும் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதற்குமுன் தூரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். ஈரப்பசையுடன் பச்சை நிறம் தெரிந்தால் கொடிக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீற வேண்டும். மேலே முழுதும் காய்ந்த கொடி தூரில் மட்டும் பச்சையாக இருப்பதுண்டு.

அடுத்து, நோய்க்காரணத்தைக் கண்டறிய வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச்சத்துக்குக் குறைவில்லை. ஆயினும், பழைய சுவரைச் செப்பனிடும்போது உதிர்ந்த சுண்ணாம்புக் காரை வேரடி மண்ணில் கலந்துவிட்டால், காரத்தன்மை கூடி, இருக்கும் இரும்பையே வேர் எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. இளந்தளிர்களில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுத்து மஞ்சளாவது இதன் அடையாளம். முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவோ தேங்கிய நீரோ காரணமாக இருக்கலாம். அதற்குக் கீழே சொல்லும் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) உதவாது.

வேர் அறுபடாமல் மேல்மண்ணைக் கிளறி, காரைத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ இட்டு மூடுங்கள்.

கவாத்துக்கு ஏற்ற காலம் ஜனவரி கடைசி வாரம். தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு, மேலே உள்ள அனைத்தையும் கூர்மையான கத்தரியால் வெட்டிவிட வேண்டும். இவ்வளவு வெட்டுவதற்குப் புதியவர்களுக்கு மனம் வராது. ஆனால் முல்லை புதுத்தளிரில்தான் பூக்கும் என்பதால், பழங்குச்சிகளைக் காப்பாற்றுவதில் பயனில்லை.

தளிர் விட்டபின்னும் இலை வெளுத்தே இருந்தால், 1 லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளியுங்கள். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். சுவரிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துருக்கறை எளிதில் போகாது.

இறுகிய செம்மண்ணில் ஊற்றிய நீர் மேலாகவே ஓடிவிடும். ஆகவே தூரைச் சற்று உயர்த்தி, சுற்றிலும் அகலமாகப் பாத்தி கட்டி, சருகு மூடாக்கு இட்டு, மண்ணை விரலால் தொட்டு ஈரம் குறைந்தபின் மட்டுமே நீர் விடுங்கள். புதுத்தளிர் நீண்டதும் பந்தலில் தளர்வாகக் கட்டிவிட்டால், சித்திரை வாக்கில் மொட்டுகளை எதிர்பார்க்கலாம். ஜூன், ஜூலையில் மீண்டும் ஒருமுறை உரமிட வேண்டும்.