பிசியில் ஃபார்மட், அடாரி எஸ்டியில் வேலை

அடாரி எஸ்டிக்கும் (1980களில் வந்த வீட்டுக் கணினி) பிசிக்கும் இடையே ஃபைல் மாற்ற வேண்டுமென்றால் ஃபிளாப்பியை எஸ்டியில் ஃபார்மட் பண்ணாதீர்கள், பிசியிலேயே 720 கேபியாக (80 ட்ராக், 9 செக்டர்) பண்ணிவிடுங்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒரே ஃபேட் அமைப்புதான் (டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே என்று குறித்துவைக்கும் முறை). ஆனால் பழைய எஸ்டி எழுதும் பூட் செக்டரை (டிஸ்க்கின் விவரம் இருக்கும் முதல் செக்டர்) பார்த்தால் பிசி அடம்பிடிக்கும், பிசி எழுதியதையோ எஸ்டி பேசாமல் படித்துவிடும்.

கையில் 1.44 எம்பி டிஸ்க்தான் இருக்கிறதா? சரி, ரைட் ப்ரொடெக்ட் தாழ்ப்பாளுக்கு எதிர் மூலையில் இருக்கிற ஓட்டையை டேப்பால் மூடினால் பிசி அதை 720 என்றே நினைத்துக்கொள்ளும். காந்தப் பூச்சு வேறு என்பதால் அவசரத்துக்கு மட்டும்.

720 கேபி டிஸ்க் இரண்டு பக்கமும் எழுதப்படுவது, அதனால் ஒருபக்க டிரைவ் உள்ள ஆரம்பகால எஸ்டிகளுக்கு இது ஒத்துவராது. அமிகா கணினியின் 880 கேபி, பழைய மேக்கின் 800 கேபி டிஸ்க்குகளைச் சாதாரண பிசி டிரைவில் போட்டுப் பயனில்லை, எழுதும் முறையே வேறு.