ரயில் டிக்கெட் தள்ளுபடி: பாலக்காட்டுப் பக்கம் நாம் செய்கிற தவறுகள்

2025 ஆகஸ்டில் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ரெண்டு மூணு நாள் இதே பேச்சுதான்: ரயிலில் போகவும் வரவும் சேர்த்து எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடியாம். என் தங்கை சென்னையில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு நாலு மாதம் இருந்தது. தீபாவளிக்கு வந்து, ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேரையும் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு தேதி சொன்னார். அக்டோபர் 17 வர, நவம்பர் 18 போக. அறுபது நாள் கணக்குப்படி ஆகஸ்ட் 18 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்ததும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். வந்த டிக்கெட் பயன்பட்டது. போகிற டிக்கெட் முழுக்க வீணானது.

நவம்பர் முதல் வாரம் அவள் மருத்துவர் ஃபோனில் கூப்பிட்டு, ஸ்கேனை முன்கூட்டியே எடுத்துவிடலாம், உடனே வரச் சொன்னார். "அண்ணா, டிக்கெட்டை முன்தேதிக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டாள். முடியாது. அந்தத் திட்டத்தில் தேதி மாற்றமும் கிடையாது, ரத்து செய்தால் பணமும் வராது. அது அறிவிப்பிலேயே இருந்தது. நான் 20 சதவீதம் என்பதை மட்டும் படித்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் திட்டத்தின் விவரம் இது. போகும் பயணம், அதாவது முதல் பயணம், அக்டோபர் 13 முதல் 26க்குள், திரும்பும் பயணம் நவம்பர் 17 முதல் டிசம்பர் 1க்குள். 20 சதவீதம் என்பது திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும், அதிலும் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும். முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் எல்லாம் முழுசாகத்தான். ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவுக்கு 20, சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு 30 சேர்த்தால் ஒரு வழிக்கு 550, இரண்டு வழிக்கு 1,100. தள்ளுபடி 100 ரூபாய். அதாவது மொத்தத்தில் ஒன்பது சதவீதம்தான். இந்த நூறு ரூபாய்க்காக, ரத்து செய்தால் மீதி ஆயிரமும் போய்விடும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அப்போதிருந்த விதிப்படி சாதாரண ஸ்லீப்பர் டிக்கெட்டை வண்டி கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருந்தால் ஆளுக்கு 120 ரூபாய்தான் பிடித்திருப்பார்கள். தேதி நம் கையில் இல்லாத பயணத்துக்கு, அதாவது கர்ப்பிணிகள், சிகிச்சைக்குப் போகிறவர்கள், லீவு உறுதியாகாதவர்களுக்கு, இப்படிப்பட்ட தள்ளுபடியை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்று, அந்தத் தேதிகளையே பாருங்கள். தீபாவளி அக்டோபர் 20. நம்மில் பெரும்பாலானவர்கள் மூணு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். திரும்புகிற தேதியோ நவம்பர் 17க்குப் பிறகுதான் தொடங்குகிறது. தீபாவளி, பீகார்ப் பக்கம் கொண்டாடும் சட் பூஜை இரண்டுக்கும் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிற தொழிலாளிக்குத்தான் அது பொருந்தும். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பீகார்ப் பையன்களுக்கு அது நல்ல திட்டம். அவர்களில் யாராவது உங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தால் இனி இப்படி ஒன்று வரும்போது எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லைப்பக்கத்துக்காரர்களான நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் இருப்பவர்களுக்கு ஸ்டேஷன் ஒன்றல்ல. வரும்போது கோயம்புத்தூரில் இறங்கி பஸ்ஸில் வேலந்தாவளம் வழியாக வீட்டுக்கு வருவோம், போகும்போது ஒலவக்கோட்டில் பாலக்காடு ஜங்ஷனில் ஏறுவோம். கொல்லங்கோட்டுக்காரர் பொள்ளாச்சிப் பாதை வண்டியைப் பார்ப்பார். போய்வரும் தள்ளுபடிக்கு இது ஆகாது. எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு வந்தீர்களோ, அதே இரண்டுக்கும் நடுவில்தான் திரும்ப வேண்டும். அதே வகுப்பு, அதே ஆட்கள், இரண்டு பக்கமும் உறுதியான டிக்கெட். வெயிட்டிங் லிஸ்ட் செல்லாது. போகும் டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்தால் திரும்பும் டிக்கெட்டையும் ஆன்லைனில்தான் எடுக்க வேண்டும், கவுன்டரில் எடுத்தால் கவுன்டரில். முதலில் போகும் டிக்கெட், அப்புறம் அதோடு இணைத்துத் திரும்பும் டிக்கெட். தனித்தனியாக எடுத்துவிட்டு தள்ளுபடி எங்கே என்று தேடினால் கிடைக்காது.

சரி, பண்டிகைத் திட்டம் இல்லாத நாட்களில்? சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், தயாரான பிறகும் காலியாக இருக்கும் பெர்த்துகளுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் குறைவு என்பது 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கரன்ட் புக்கிங் என்பார்கள். புதன், வியாழன் மாதிரி நாளில் தனி ஆளாக, கையில் ஒரு பையோடு கிளம்புகிறவருக்கு இது நல்ல வழி. ஓணத்துக்கு முந்தின நாள் இதை நம்பிக் குழந்தைகளோடு ஸ்டேஷனில் போய் நிற்காதீர்கள். காலி பெர்த் இருந்தால்தானே தள்ளுபடி.

ஏசி சேர் கார் வண்டிகளில் 25 சதவீதம் வரை குறைக்கலாம் என்று 2023 ஜூலையில் ரயில்வே வாரியம் மண்டலங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. அது பாதி இருக்கைகூட நிரம்பாத வண்டிகளுக்கு. பண்டிகை நேரத்தில் கோவை–சென்னைப் பாதையில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

சிறப்பு ரயில் என்றாலே சலுகை ரயில் என்று நினைப்பதும் தவறு. பண்டிகைக்கு விடுகிற சிறப்பு ரயில்களில் பல, சிறப்புக் கட்டணத்தில் ஓடுபவை. அதே தூரத்துக்கு வழக்கமான வண்டியைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் இரண்டின் கட்டணத்தையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்: மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச் 20 முதல் இல்லை. அதற்கு முன்புதான் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம் குறைந்தது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இன்னும் பாதிப் பணத்தை எண்ணி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பார். ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகும். ஆனால் சலுகை இல்லை என்பதற்காக வயதைப் போடாமல் விடாதீர்கள், தப்பாகவும் போடாதீர்கள். கீழ் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. மாற்றுத்திறனாளிகளில் சில பிரிவினருக்கும், புற்றுநோய் போன்ற சில நோய்களுக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் கட்டணச் சலுகை இன்னும் இருக்கிறது. திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்கு மாதாமாதம் போகிற குடும்பங்களே இது தெரியாமல் முழுப் பணம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கவுன்டரில் கேளுங்கள்.

தனியார் செயலிகள் காட்டும் 'கேஷ்பேக்' விஷயத்தில், கடைசியில் பணம் கட்டும் பக்கத்தில் வரும் தொகையை மட்டும் பாருங்கள். சேவைக் கட்டணம், ரத்துக்கான காப்பு என்று தானாகவே டிக் ஆகியிருக்கும் வரிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மைத் தொகை தெரியும்.

வாட்ஸாப்பில் "ஓணம் ஆஃபர், பாதி விலையில் டிக்கெட்" என்று வரும் லிங்க்கைத் தொடவே வேண்டாம். தொட்டுப் பணம் போயிருந்தால் நேரத்தைக் கடத்தாமல் 1930க்கு அழையுங்கள். சைபர் குற்றத்துக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

தெரிந்த பையன் ஒருவன் தன் சொந்த ஐடியில் டிக்கெட் எடுத்து, மேலே நூறு இருநூறு வைத்துக் கொடுப்பதும் நம் பக்கம் சகஜம். அனுமதி இல்லாமல் இப்படி டிக்கெட் எடுத்து விற்பது ரயில்வே சட்டம் 143வது பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். அவனிடம் வாங்கினால் டிக்கெட்டில் உங்கள் பெயர்தான் இருக்கிறதா, பிஎன்ஆர் எண் உண்மையா என்று ரயில்வே உதவி எண் 139ல் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அவனிடம் வாங்காதீர்கள். பாலக்காடு ஜங்ஷன் கவுன்டரில் அரை மணி நேரம் நின்றால் போதும், இல்லையென்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் ஃபோனைக் கொடுத்து உங்கள் பெயரிலேயே ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள்.