கேம் முடியும் தறுவாயில் செய்யக்கூடாத தவறுகள்

கேம் தொண்ணூறு சதவீதம் முடிந்தாயிற்று, மிச்சத்தை முடித்துவிட்டு விற்பனையைப் பார்த்துக்கொள்ளலாம். தனியாக கேம் செய்கிற பலர் இப்படித்தான் சொல்கிறார்கள், காசை இழப்பதும் இந்த இடத்தில்தான்.

கணினி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமையே எடுத்துக்கொள்வோம். கேமைப் பதிய 100 டாலர் கட்டியபின் வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும், 'விரைவில்' என்று போட்ட கேமின் கடைப் பக்கம் குறைந்தது இரண்டு வாரமாவது திறந்திருக்க வேண்டும். இது விதி, அவ்வளவுதான். பக்கம் எத்தனை மாதம் திறந்திருக்கிறதோ அத்தனை மாதம் விஷ்லிஸ்ட், அதாவது வாங்க ஆசைப்பட்டுக் குறித்து வைப்பவர்கள் பட்டியல், சேரும், வெளியாகும்போது அவர்களுக்கெல்லாம் ஸ்டீமே மெயில் அனுப்பும். எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தைத் திறந்தால் அந்த மெயிலை வாங்க ஆளே இருக்காது. காட்டும்படியான ஐந்து ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.

அதற்காக, வெளிவரப்போகும் கேம்களின் டெமோக்களுக்காக ஸ்டீம் நடத்தும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில், கிடைத்த முதல் வாய்ப்பிலேயே அரைகுறை டெமோவைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு கேமுக்கு ஒரே முறைதான் அனுமதி! வெளியீட்டுக்குச் சற்று முன்னால் வருகிற ஃபெஸ்ட்டுக்கு அதை வைத்துக்கொண்டு, அதற்குள் முன்பின் தெரியாத நாலு பேரை ஆடவைத்து எங்கே திணறுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியவர் வாங்கிய 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதனால் முதல் அரை மணி நேரம் கடைசி லெவலைவிட முக்கியம்.

கையில் காசு தீர்ந்துவிட்டது, எர்லி ஆக்சஸில், அதாவது முடியாத கேமை முன்கூட்டியே விற்கும் முறையில், போட்டு வருகிற பணத்தில் முடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். விற்காமல் போனால் கேமும் நின்றுவிடும், நம்பி வாங்கிய கொஞ்சப் பேருக்கும் பதில் சொல்ல முடியாது.

வரவை எண்ணும்போது ஸ்டீமின் 30 சதவீதத்தை முதலில் கழியுங்கள். இந்தியாவில் இருப்பவர் ஸ்டீமின் வரிப் படிவத்தில் பான் எண் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கேட்டால், அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் வரி 30 சதவீதத்திலிருந்து 15 ஆகும். அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள். ஒரு மாத விற்பனைப் பணம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும், வீட்டு வாடகைக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் லைசென்ஸ். சும்மா இருக்கட்டும் என்று ஆரம்பத்தில் போட்ட இசை, எழுத்துரு, சத்தம் எல்லாம் இன்னும் உள்ளேயே இருக்கும், அதில் ஒன்று வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லாததாக இருந்தால் கேமையே கடையிலிருந்து எடுக்க வேண்டிவரலாம். ஒவ்வொரு கோப்பும் எங்கிருந்து வந்தது, என்ன அனுமதி என்று உட்கார்ந்து எழுதிவிடுங்கள். ஒரு நாள் வேலைதான், டிரெய்லர் வெட்டுவதற்கு முன்பே செய்யுங்கள், ஏனென்றால் அதே இசைதான் டிரெய்லரிலும் போகும்.