பேச்சில் நல்ல சொல்லைப் புழங்குவது எப்படி?

பாளையங்கோட்டையில் அழைப்பிதழ் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். "அக்கா, இன்னும் கொஞ்சம் கனமான வார்த்தையாகப் போடுங்கள்" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அழைப்பிதழ் கனம் தாங்கும். வாய்ப்பேச்சுக்குக் கனத்தைவிடப் பொருத்தம்தான் முக்கியம்.

சொல்லை முதலில் குளத்தங்கரையில் தேடுங்கள். அகராதியைப் பிறகு புரட்டலாம். குளம் நிரம்பி உபரித் தண்ணீர் வெளியேறுவதற்கு எங்கள் பக்கம் 'மறுகால் பாய்கிறது' என்போம். கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்த மறுநாள், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் "அண்ணாச்சி, உங்கள் ஊர்க் குளம் மறுகால் பாய்ந்துவிட்டதா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் விவசாயியாக இருந்தால், இறங்கும்வரை பேச்சு நிற்காது. பிசான நடவு, அதாவது இந்த மழைக்கால நெல் நடவு, முடிந்ததா என்றும் அடுத்துக் கேட்கலாம்.

காற்றுக்கும் அது வீசிவரும் திசைதோறும் பெயர் இருக்கிறது. கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், வடக்கே வாடை, மேற்கே கோடை. கடைசிச் சொல்லில் மட்டும் கவனம் வேண்டும்: கோடை என்றால் வெயில் காலம் என்று எடுத்துக்கொள்வார்கள், 'கோடைக்காற்று' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

புதுச் சொல்லுக்குப் பக்கத்திலேயே அதன் பொருள் விளங்கும்படி வாக்கியத்தை அமையுங்கள். "தண்ணீர் வேகமாக வருகிறது, மடையைப் பையத் திறந்துவிடுங்கள்" என்றால் 'பைய' தெரியாதவருக்கும் புரிந்துவிடும். நிறுத்தி விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேச்சு பாடமாகிவிடும். நம் ஆச்சிமார் நாள்தோறும் சொன்ன இந்தப் 'பைய', "பசையினள் பைய நகும்" என்று குறளில் (1098) இருக்கிறது. அதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று கூசி, பிள்ளைகள் கைவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஒரு பேச்சுக்கு ஒரு சொல் போதும். எதுகை மோனை அடுக்குவதை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொல்லின் செல்வர் ரா.பி. சேதுப்பிள்ளை எங்கள் இராசவல்லிபுரத்துக்காரர்தான். ஆனால் அவருடைய அடுக்குமொழி சொற்பொழிவுக்கு உரியது, பலசரக்குக் கடைக்கு அன்று. துக்க வீட்டில் இவை எதுவும் வேண்டாம். "மைனி, ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் போதும்.

புத்தகத்தில் மட்டும் கண்ட சொல்லை வெளியில் புழங்குமுன், தமிழ் நன்கு தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். ழகரமும் றகரமும் பிசகுவது காதில் விழுந்தால்தான் தெரியும்.