நிலத்தடிப் பாறையின் தகைப்பை அளக்கும் முறைகள்

பாறைக்குள் இருக்கும் தகைப்பை, அதாவது ஓரலகுப் பரப்பில் பாறையை நெருக்கும் விசையை, நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் கிடையாது. பாறையைச் சிறிதளவு குலைத்து, அது எவ்வளவு அசைகிறது அல்லது எந்த அமுக்கத்தில் பிளக்கிறது என்பதைப் பார்த்தே தகைப்பைக் கணிக்கிறோம். ஆகையால் ஒரு முறையைத் தெரிவு செய்யும்போதே, பாறை பற்றிய ஓர் எடுகோளையும் ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். கொழும்பில் கபுக் கல்லையும் சிதைந்த பாறையையும் கடந்து நைஸ் எனும் கடினமான பட்டைப் பாறை வரை அத்திவாரத் தூண்களை (பைல்) இறக்குவோருக்கு இந்த அளவீடு பெரும்பாலும் தேவைப்படாது. மலைநாட்டு நீர்மின் சுரங்கப்பாதைக்கோ ஆழமான காரீய (கிராபைட்) சுரங்கத்துக்கோ இங்கிருந்தபடி ஆய்வுத் திட்டம் தயாரிப்பவர்களுக்கே இது தேவைப்படும்.

முதலில் தாளில் கணித்துக்கொள்ளுங்கள். பாறையின் அடர்த்தியைக் கன மீற்றருக்கு 2700 கிலோகிராம் என எடுத்தால், 500 மீற்றர் ஆழத்தில் நிலைக்குத்துத் தகைப்பு ஏறத்தாழ 13 மெகாபாஸ்கலாகும். கிடைத் தகைப்பை இவ்வாறு ஊகிக்க முடியாது. பாறைப் பொறியியலாளர்களான பிரவுனும் ஹூக்கும் 1978இல் உலகெங்குமிருந்து தொகுத்த அளவீடுகளில், ஆழம் குறைந்த இடங்களில் கிடைத் தகைப்பு நிலைக்குத்துத் தகைப்பை விஞ்சுவது சாதாரணமாகவே காணப்பட்டது. செங்குத்தான மலைச்சரிவின் கீழ் முதன்மைத் தகைப்புகளின் (ஒன்றுக்கொன்று செங்குத்தாக, வழுக்கு விசையின்றிப் பாறையை நெருக்கும் மூன்று தகைப்புகளின்) திசைகளே சாய்ந்துவிடலாம்.

சுரங்கப்பாதை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தால் மேற்கோரிங் முறையே, அதாவது அளவுகருவி ஒட்டிய பாறையைச் சுற்றிக் குடைந்து விடுவிக்கும் முறையே, எனது முதல் தெரிவு. வெட்டியதனால் தகைப்பு மாறிய வலயத்தைத் தாண்டி, சுவரிலிருந்து பாதையின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரத்துக்குப் பெரிய துளையை இட்டு, அதன் அடியிலிருந்து 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு துளையைத் தொடருங்கள். பல திசைகளில் விகாரமானிகள் (நுண்ணிய நீள மாற்றத்தை அளக்கும் உணரிகள்) பதித்த கலத்தை எபொக்சியால் அதற்குள் ஒட்டி, பசை முழுமையாக இறுகிய பின்னரே பெரிய கோர் குழாயால் அதைச் சுற்றிக் குடைய வேண்டும். ஈரமான துளையில் பெரும்பாலான சோதனைகள் கெடுவது இந்தப் பசையினால்தான். குடையும்போது தகைப்பிலிருந்து விடுபடும் பாறை விரிவதைச் சில சென்ரிமீற்றருக்கு ஒருமுறை பதிவு செய்து, குடைந்து முடித்த பிறகும் துளையின் வெப்பநிலை சீராகும்வரை வாசிப்பைத் தொடருங்கள். பின்னர் அந்தக் கோரையே (குடைந்தெடுத்த பாறை உருளையையே) அமுக்க அறையில் இட்டு யங்கின் மட்டு (பாறையின் விறைப்பு), பொயிசன் விகிதம் (நெருக்கும்போது பக்கவாட்டில் விரியும் அளவு) இரண்டையும் பெற்றால், ஒரே துளையிலிருந்து தகைப்பை முழுமையாக விவரிக்கும் ஆறு கூறுகளும் கிடைக்கும். நைஸ் பாறையின் பட்டைகள் காரணமாக மட்டு திசைக்குத் திசை வேறுபடும் என்பதால், எல்லாத் திசையிலும் ஒரே மட்டு என்று கொண்டு கணிப்பது விடையைக் கோணலாக்கும். கோர் மெல்லிய தட்டுகளாக உடைந்து வந்தால் அங்கே தகைப்பு மிக அதிகம். அந்த இடத்தில் இம்முறையைக் கைவிடுங்கள்.

பாதை வெட்டுமுன் மேற்பரப்பிலிருந்தே அறிய வேண்டுமானால் நீர்ப்பிளவு முறை ஏற்றது. கோரைப் பார்த்து விரிசலற்ற ஒரு மீற்றர் அளவான பகுதியைத் தெரிந்து, அதன் மேலும் கீழும் இறப்பர் பேக்கர்களை ஊதி அடைத்து, பாறை பிளக்கும்வரை சீரான வேகத்தில் நீரைப் பம்பிச் சட்டென நிறுத்துங்கள். அப்போது அமுக்கம் தணிந்து நிலைகொள்ளும் பெறுமானமே மிகச் சிறிய தகைப்பு. இதைக் குறைந்தது மூன்று முறை திரும்பச் செய்து, பிளவின் திசையைப் பதிவு பேக்கரால் (துளைச்சுவரின் அச்சைப் பதியும் மென்மையான இறப்பர் உறை கொண்ட பேக்கரால்) எடுங்கள். சிறிய கிடைத் தகைப்பின் மும்மடங்கிலிருந்து பிளவு மீண்டும் திறக்கும் அமுக்கத்தையும் பாறையின் நுண்துளைகளிலுள்ள நீரின் அமுக்கத்தையும் கழித்தால் பெரிய கிடைத் தகைப்பு வரும் என்பது பாடம். ஆயினும் துளை நிலைக்குத்தாகவும் ஒரு முதன்மைத் தகைப்பின் வழியாகவும் இருக்கிறது என்ற எடுகோளில் நிற்கும் அந்த எண்ணை நான் பாதியளவே நம்புவேன். நல்லவேளையாக, நீர்மின் பாதைக்கு முக்கியமானது சிறிய எண்தான்: 100 மீற்றர் நீர்த்தலை (நீர் நிற்கும் உயரம்) ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல் அமுக்கம் தரும், பாறையின் மிகச் சிறிய தகைப்பு அதைவிடத் தாழ்ந்தால், உட்பூச்சில்லாத பாதையிலிருந்து நீர் பாறையைப் பிளந்து வெளியேறும்.

தட்டை ஜக் முறை மலிவானது. சுவரில் ஊசிகளைப் பதித்து, இடையே பிளவு வெட்டி, அதற்குள் தட்டையான நீரியல் ஜக்கைச் செருகி, ஊசிகள் பழைய தூரத்துக்குத் திரும்பும்வரை ஜக்கை அமுக்கினால் போதும். ஆனால் கிடைப்பது சுவரோரத் தகைப்பு மட்டுமே, அதுவும் வெடிவைத்துக் குலைந்த சுவரில் பயனற்றது.

எந்த முறையானாலும் ஒரே இடத்தில் பல சோதனைகள் செய்து, நிலைக்குத்துக் கூறு முதலில் தாளில் கணித்ததிலிருந்து பெரிதும் விலகினால், அறிக்கையில் சேர்க்குமுன் பசையையும் பேக்கர் கசிவையும் யங்கின் மட்டையும் மறுபடி சரிபாருங்கள்.