பச்சை படரும் புதுக் கடல் தொட்டி: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

புதிதாக ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்தவர்களுக்கு இரண்டாம் மாதம்தான் சோதனைக்காலம். முதலில் மணலில் பழுப்புப் பொடி படரும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானே ஒழிந்துவிடும். அடுத்து கண்ணாடியில் பச்சைப் படலம். அதற்கும் பிறகு கல்லின் மேல் விளிம்பில், விளக்கொளி நேராக விழும் இடத்தில், அரை அங்குலத்துக்குப் பச்சை நூல் முளைத்து நீரோட்டத்தில் அசையும். நூல்பாசி. முதல் நாள் பார்க்க அழகாகக்கூட இருக்கும். இரண்டு வாரம் போனால் கல்லே தெரியாது.

இது வருவது இயல்பு. புதுக் கல்லில் இன்னும் எந்த உயிரும் குடியேறவில்லை; காலி மனையில் களைதானே முதலில் முளைக்கும்? அதைக் கண்டு பதறி ஒரே வாரத்தில் ஐந்து மாற்றங்களைச் செய்கிறோமே, அங்கேதான் தொட்டி கெடுகிறது. கீழே சொல்லும் தவறுகளில் பாதியை என் 180 லிட்டர் தொட்டியில் நானே செய்திருக்கிறேன்.

“பாஸ்பேட் பூஜ்யம், நைட்ரேட் பூஜ்யம், அப்புறம் எப்படிப் பாசி வருகிறது?” புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. சோதனைக் கிட் காட்டுவது பாசி தின்றது போகத் தண்ணீரில் மிஞ்சியதை மட்டும். தினமும் இரை விழும் தொட்டியில் பூஜ்யம் வருகிறதென்றால், வருகிற சத்தையெல்லாம் பாசி அங்கேயே உறிஞ்சிக்கொள்கிறது என்று பொருள். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்த அண்டாவைப் பார்த்துவிட்டு இன்று சமையலே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? பாஸ்பேட் கிட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. 0.03 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) காட்டும் நீலத்தையும் 0.1 காட்டும் நீலத்தையும் இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம். பகலில், ஜன்னலோரம், வெள்ளைத் தாளின் மேல் குழாயை நிறுத்தி மேலிருந்து பாருங்கள். ஒருநாள் அளவை வைத்து எதையும் முடிவு செய்யாமல், வாரம் ஒருமுறை எழுதிவைத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

பூஜ்யத்தை நம்புவதைவிட மோசமானது பூஜ்யத்தையே குறியாக வைத்து ஓடுவது. பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்ஸைடு குருணையை, ஜி.எஃப்.ஓ. என்பார்களே, அதை முழு அளவு போட்டு, கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரையும் முறுக்கிவிட்டு, மீனுக்கும் பட்டினி போட்டால் பாசி வாடும்தான். பவளமும் சேர்ந்து வாடும். காலியான இடத்துக்கு டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து சேரலாம்: பழுப்புச் சளி, இழை இழையாய், நுனியில் காற்றுக் குமிழ்களோடு. அதன் சில வகைகளைத் தின்ற நத்தைகள் சாவதும் உண்டு. அதற்கு நூல்பாசியே தேவலை. நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். குருணை போடுவதாக இருந்தால் பாதி அளவில் தொடங்குங்கள். கல்லும் பஞ்சு மாதிரிதான்: பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருந்து, தண்ணீரில் அளவு குறையக் குறையக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பழைய தொட்டியை மூடியவரிடம் வாங்கிய காய்ந்த கல் என்றால் இது மாதக்கணக்கில் நடக்கும். அப்படிப்பட்ட கல்லைத் தொட்டியில் வைக்கும் முன்பே மூடிய டிரம்மில், வெளிச்சம் படாமல், உப்புநீரில் சில வாரம் ஊறப்போட்டு நீரை மாற்றிக்கொண்டிருப்பது நல்லது.

கல் பற்றிப் பேசும்போதே ஒன்று. ராமேஸ்வரம் பக்கம் போனபோது கரையில் கிடந்தது என்று பவளக்கல்லை எடுத்துவரும் ஆசை வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்பில், இருக்கின்றன.

இனி தண்ணீர். என் தொட்டியின் பாசிக்குப் பெரும் காரணம் சமையலறையில் சுவரில் மாட்டியிருந்தது. வீட்டு ஆர்.ஓ. கருவிதான். ‘ஆர்.ஓ. தண்ணீர்தானே’ என்று மூன்று மாதம் அதையே ஊற்றினேன். நீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தபோது 70 காட்டியது. சுவைக்காகக் குழாய்நீரையும் கொஞ்சம் கலந்துவிட அதற்குள் ஒரு திருகு இருக்கிறது! கேன் தண்ணீரையும் சோதித்துப் பார்த்தேன், அதுவும் பூஜ்யம் இல்லை. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டர் 0 காட்டும் நீரை மட்டுமே ஊற்ற வேண்டும்.

உப்பு கரைக்கும் நீரில் கவனமாக இருப்பவர்கள்கூட, ஆவியானதை ஈடுகட்ட ஊற்றும் நீரில் அலட்சியம் காட்டுவார்கள். சென்னை வெயிலில் ஃபேன் வைத்துக் குளிரவைக்கும் என் தொட்டியில் நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் குறைகிறது. மாதத்துக்கு 60 முதல் 90 லிட்டர், அதாவது தொட்டியில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை. ஆவியாகப் போவது வெறும் தண்ணீர்; அதோடு வந்த பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். கடலிலிருந்தே நீர் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பவர்கள் கூவமும் அடையாறும் எங்கே கலக்கின்றன என்பதையும் யோசித்துக்கொள்ளட்டும்.

பிரஷ் போடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. தொட்டிக்குள்ளேயே கல்லைத் தேய்த்தால் அறுந்த நூல்கள் ஓட்டத்தில் போய் எல்லா மூலையிலும் ஒட்டிக்கொள்ளும். நான் செய்வது இது: பல்துலக்கும் பிரஷை நீர் இறக்கும் குழாயின் வாயோடு ரப்பர் பேண்டால் கட்டி, தேய்த்த இடத்திலேயே உறிஞ்சவிடுவேன். வாளியில் பச்சைச் சடையாக வந்து விழும். வாராந்தர நீர் மாற்றத்தோடு வேலையும் முடிந்துவிடும். கல்லை வெளியே எடுக்க முடிந்தால், மாற்றிய உப்புநீர் வாளியிலேயே வைத்துத் தேய்க்கலாம். குழாயடியில் கழுவினால் கல்லில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். மீன் கழிவின் அம்மோனியாவை மாற்ற ஆளில்லாமல், தொட்டியை முதலிலிருந்து பழக்கத் தொடங்க வேண்டியதுதான்.

விளக்கைப் பத்து மணி நேரம் எரிப்பது பவளத்தைவிடப் பாசிக்கே ஆதாயம். ஆறு மணி நேரத்துக்குக் குறைத்து, வெள்ளையையும் சிவப்பையும் தணித்து, நீலத்தை விடுங்கள். மூன்று நாள் முழு இருட்டு என்ற வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. செத்த பாசி அங்கேயே அழுகி, தின்ற சத்தைத் திரும்பக் கக்கிவிடும். பாசிக்கொல்லி மருந்து வாங்கும் முன் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். செம்பு கலந்திருந்தால் நத்தை, நண்டு, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது.

பாசி மேயும் நத்தைகளை ஒரே நாளில் முப்பது, நாற்பது இறக்குவார்கள். நீள நூலை நத்தை அவ்வளவாகத் தொடாது. நாம் பிடுங்கியபின் மிஞ்சும் கட்டையைத்தான் மேயும். அதையும் தின்று தீர்த்துவிட்டுப் பாதி நத்தை பட்டினியில் செத்து நாறும். ஐந்தாறு போதும், தேவைப்பட்டால் அடுத்த மாதம் இன்னும் சில. உப்பு அளவு திடீரென மாறினால் அவை தாங்காது என்பதால் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்து ஒரு மணி நேரமாவது பழக்கிய பிறகே விடுங்கள்.

நீள நூலைத் தின்ன ஆள் வேண்டுமென்றால் கடல் முயல் என்ற மென்னுடல் கடல் நத்தை இருக்கிறது. பசுமாடு மாதிரி மேயும். பம்ப்பின் வாயில் சிக்காமல் வலை கட்டிவிட வேண்டும், மிரண்டால் ஊதா மையைக் கக்கும். பாசி தீர்ந்துவிட்டால் அதற்குச் சாப்பாடும் இல்லை. ஆகவே வாங்கும்போதே அடுத்த வீட்டைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது மூன்று வாரம் இருந்துவிட்டு, இப்போது பெரம்பூரில் ஒரு நண்பரின் தொட்டியில் மேய்கிறது. அடுத்து அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.